ராகுகாலத்தில் மாற்றாத எண்ணெய்

கப்பலின் லொக் புத்தகத்தில் நான் ஒரு பொய் நேரம் எழுதினேன். அது பிடிபட்டபோது, பிழை என்னுடைய செகண்ட் எஞ்சினியருடையது என்று சொன்னேன். அவருக்கு வேலை போயிற்று. நான் இன்னும் நான்கு வருடங்கள் சீஃப் எஞ்சினியராக ஓடினேன். கடைசி நாளில் கொம்பனி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தது.

இதைச் சுற்றி வளைத்தும் எழுதலாம். முதல் மூன்று தடவை அப்படித்தான் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது மூன்றிலும் நான் நல்லவனாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.

1. விதி

கடலுக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் வாசிப்பார்கள் என்பதால் விதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரிய கப்பல்களின் எஞ்சின் குடிப்பது பெற்றோலும் டீசலும் வடித்தெடுத்த பின் அடியில் மிஞ்சும் கறுப்பு எண்ணெயை. தார் போல இருக்கும். நூற்று முப்பது பாகைக்குக் கிட்டச் சூடாக்கினால்தான் ஓடும். அதில் சல்பர் நிறைய உண்டு. புகைக்குழாயால் வெளியே போகும் சல்பர் கரையில் இருப்பவர்களின் நெஞ்சுக்குள் போகிறது. மிச்சம் மழையோடு அமிலமாக இறங்குகிறது. கப்பலில் இருப்பவனுக்கு இது தெரியாது. புகை எப்போதும் அவனுக்குப் பின்னால்தான் போகும்.

இதற்காக நாடுகள் கூடி ஒரு சர்வதேச விதி செய்தன. 2020 முதல், புகையைக் கழுவும் கருவி பூட்டாத கப்பல் எதுவும் நூற்றுக்கு அரை வீதத்துக்கு மேல் சல்பர் உள்ள எண்ணெயை எங்கேயும் எரிக்கக் கூடாது. அதற்கு முன் நடுக்கடலில் மூன்றரை வீதம்வரை எரிக்கலாம். ஆனால் வடகடல் போன்ற சில இடங்களைக் கட்டுப்பாட்டு வலயம் என்று கோடு கீறி வைத்திருக்கிறார்கள். 2015 முதல் அந்தக் கோட்டுக்குள்ளே 0.1 வீதம்தான். அரை வீத விதி வருவதற்குக் கொஞ்சம் முன் நடந்தது இது.

கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே கறுப்பு எண்ணெயை நிறுத்தி, சுத்தமான காஸ் ஒயிலுக்கு எஞ்சினை மாற்றி முடித்திருக்க வேண்டும். உடனே மாற்றவும் முடியாது. ஒன்று கொதிக்கிற எண்ணெய், மற்றது குளிர்ந்தது. அவசரப்பட்டால் பம்ப் இறுகிப் போய்விடும். குழாய்களில் நிற்கும் பழைய எண்ணெயும் எரிந்து தீர வேண்டும். எங்கள் கப்பலில் இதற்கு நான்கு மணித்தியாலம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், அப்போது கப்பல் நின்ற இடம் மூன்றையும் லொக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். விதி இவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

2. ஆர்.கே.

நான் வல்வெட்டித்துறையான். பாய்க்கப்பல் காலத்திலிருந்தே நல்ல நேரம் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் நங்கூரம் எடுத்ததில்லை. நானும் ஒரு பஞ்சாங்கக் கலண்டரை எஞ்சின் கொன்ரோல் அறையில் கொழுவி வைத்திருந்தேன். ராகுகாலத்தில் எந்த வேலையையும் தொடங்கவிடமாட்டேன். ஏற்கெனவே ஓடுகிற வேலை ஓடலாம். புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது.

இதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் முதலாவது கப்பலில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு ஒயில் சுத்தம் செய்யும் இயந்திரத்தைத் தொடங்கினேன். சூடான எண்ணெய் பாய்ந்து இடது கை வெந்துபோயிற்று. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரைவரை ராகுகாலம். அந்த இயந்திரத்தின் வால்வு பழுது என்று மூன்று நாட்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கப்பல் நேரமா யாழ்ப்பாண நேரமா என்ற கேள்வியும் இருந்தது. கப்பல் நிற்கிற இடத்துச் சூரியன்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்குப் பக்கத்தில் ஐயர் யாரும் இல்லை.

என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர்கள் இதை ஒரு தொழில்நுட்ப விதி என்று நம்பினார்கள். தேர்ட் எஞ்சினியர் ஒவ்வொரு நாளும் வெள்ளைப் பலகையில் 'ஆர்.கே.' என்று தலைப்பிட்டு நேரத்தை எழுதி, கீழே 'எதையும் தொடங்க வேண்டாம்' என்று சிவப்பால் கோடிட்டு வைப்பார். கொம்பனி சுப்பிரின்டென்டன்ட் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, ஒழுங்கான எஞ்சின் அறை என்று அறிக்கையில் எழுதினார்.

ஒருவர் மட்டும் நம்பவில்லை. அவர்தான் செகண்ட் எஞ்சினியர் ஜெயசீலன். பருத்தித்துறையில் மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆட்களுக்கு முன் என்னைச் சீஃப் என்பார், தனியே அண்ணை. சீஃப் எஞ்சினியர் சோதனை பாஸ் பண்ணி வைத்திருந்தார். அந்தப் பயணம் முடிந்ததும் அடுத்த கப்பலில் சீஃப் ஆக ஏறுவதாக இருந்தது. அதற்கான சிபாரிசுக் கடிதம் எழுதியவனும் நான்தான்.

3. வெள்ளிக்கிழமை

மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அலுமினியம் எடுக்கும் மண் ஏற்றிக்கொண்டு வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாலரைக்குக் கோட்டைத் தாண்டுவோம் என்று பிரிட்ஜிலிருந்து சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் போதும். ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. நல்ல வசதி என்று நினைத்தேன்.

பத்து முப்பத்தைந்துக்கு ஜெயசீலன் கொன்ரோல் அறைக் கதவைத் திறந்தார்.

"அண்ணை, பிரிட்ஜாலை எடுத்தவங்கள். கடல் படத்திலை கோட்டைத் தள்ளிக் கீறிப்போட்டாங்களாம். நாலரைக்கில்லை, ரெண்டே முக்காலுக்கு முந்தித் தாண்டுறமாம். இப்பவே தொடங்கினால் மட்டுமட்டாச் சரிவரும்."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்தார்.

"உந்த ராகுகாலத்தை விடுங்கோ அண்ணை."

"பன்னிரண்டுக்குத் தொடங்குவம்."

"பன்னிரண்டுக்குத் தொடங்கினால் நாலு மணிக்குத்தான் முடியும். ஒன்றரை மணித்தியாலம் உள்ளுக்கை கறுப்பு எண்ணெயோடை ஓடுவம்."

"அஞ்சு நிமிசம் முந்தி வந்திருந்தால் தொடங்கியிருக்கலாம்."

"நானோ படம் கீறினனான்?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "கடலுக்கு ஏது அண்ணை ராகுகாலம்?" என்றார்.

"நீர் வேதக்காரன். உமக்கு விளங்காது."

"எனக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை. எஞ்சினுக்கு விளங்குமோ?"

நான் கலண்டர் பக்கம் திரும்பினேன்.

"அப்ப கப்டனிட்டைச் சொல்லி ஸ்பீட்டைக் குறைப்பம்."

"என்னெண்டு சொல்லிக் குறைக்கிறது?"

பன்னிரண்டு மூன்றுக்கு நான் தலையாட்ட, அவர் வால்வைத் திறந்தார். நாலு மணி தாண்டி வேலை முடிந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை, ஒருவருக்கும் கை சுடவில்லை. நேரம் பார்த்துத் தொடங்கியதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

லொக் புத்தகத்தை எடுத்து, தொடங்கியது 10.35, முடிந்தது 14.35 என்று எழுதினேன். ஜெயசீலன் பக்கத்தில் நின்றார்.

"நான் உதிலை கையெழுத்து வைக்கமாட்டன் அண்ணை."

"உம்மை ஆர் கேட்டது?" என்றேன்.

உண்மையை எழுதி, கோடு பிழையாக இருந்ததால் பிந்தியது என்று கப்டன் மூலம் துறைமுகத்துக்கு முன்கூட்டியே அறிவித்திருக்கலாம். கேள்வி கேட்டிருப்பார்கள். கடிதம் எழுதியிருப்பார்கள். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்படி எழுதுவதென்றால் அந்த எண்பத்தெட்டு நிமிடத்துக்குக் காரணமும் எழுத வேண்டும். சர்வதேச விதியில் காரணம் எழுதுவதற்கு இடம் இருந்தது. எழுதுவதற்கு என்னிடம்தான் காரணம் இருக்கவில்லை.

4. வெப்பநிலைத் தாள்

துறைமுகத்தில் ஒரு பரிசோதகர் ஏறினார். கப்டன் அவரைக் கொன்ரோல் அறைக்குக் கூட்டிவந்தார். முப்பது வயதிருக்கும் பெண். எஞ்சினுக்குப் போகும் குழாயிலிருந்து ஒரு போத்தல் எண்ணெய் எடுத்துச் சோதித்தார். சுத்தமாக இருந்தது. நான் தேத்தண்ணி குடிக்கிறாரா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். லொக் புத்தகத்தைக் கேட்டார், கொடுத்தேன். பிறகு, எண்ணெய் எஞ்சினுக்குள் போகும் இடத்து வெப்பநிலைப் பதிவைக் கேட்டார்.

அந்தப் பதிவை இயந்திரம் தானாக எழுதும். அதில் கை வைக்க முடியாது. அவர் தாளை விரித்து விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். நூற்று முப்பது, நூற்று முப்பது, நூற்று முப்பது. பன்னிரண்டு மூன்றில் கோடு கீழே இறங்கத் தொடங்கியது.

"பத்து முப்பத்தைந்துக்குக் குளிர்ந்த எண்ணெய்க்கு மாறினீர்கள். பன்னிரண்டு மணிவரை அது ஏன் குளிரவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

கப்டன் என் பக்கம் திரும்பினார். "வால்வைத் திறந்தது யார்?"

"செகண்ட்."

இதுவரை நான் சொன்னது பொய் இல்லை.

"நீங்கள் எத்தனை மணிக்குத் திறக்கச் சொன்னீர்கள்?"

"பத்து முப்பத்தைந்துக்கு. முடிந்துவிட்டது என்று அவர் சொன்னதை வைத்துத்தான் எழுதினேன்."

ஜெயசீலன் ரோர்ச் லைற்றைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றார். கப்டன் அவரிடம், சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஜெயசீலன் என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளைப் பலகையைப் பார்த்தார். அன்றைய ஆர்.கே. நேரம் அதில் எழுதிக் கிடந்தது.

"நோ, சேர்" என்றார்.

கப்பலை இரண்டு நாள் மறித்து வைத்தார்கள். மூன்றாம் நாள் ஜெயசீலன் பெட்டியோடு இறங்கினார். அவருடைய அறிக்கையில் 'கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர், தவறான தகவல் தந்தவர்' என்று இருந்தது. அதை எழுத வேண்டியவர் சீஃப் எஞ்சினியர். எழுதினேன். அதன் பிறகு எந்தக் கொம்பனியும் அவரை ஏற்றவில்லை. சீஃப் எஞ்சினியர் சான்றிதழோடு பருத்தித்துறைப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் கொம்பிரசர் பார்த்தார்.

5. வாழைக்குலை

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறைக்குப் போக பஸ்ஸில் அதிக நேரம் எடுக்காது. போகவில்லை.

ஒருநாள் நெல்லியடிச் சந்தையில் ஜெயசீலனைக் கண்டேன். அவர் மரவள்ளிக்கிழங்கு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாழைக்குலைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் போகும்வரை நின்றதில் கடைக்காரர், "என்ன ஐயா, இவ்வளவு நேரம் தடவிப் பாத்திட்டு விட்டிட்டுப் போறியளோ?" என்று கேட்டார். ஒரு முழுக் குலையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குச் சீனி வருத்தம் வேறு.

அந்தக் குலை பழுத்து முடிவதற்குள் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, ஜெயசீலனின் அறிக்கையைத் திருத்தும்படி கேட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கொம்பனி கை மாறிவிட்டது, அந்தக் கப்பல் உடைக்கப்பட்டுவிட்டது, பழைய கோப்புகள் இல்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி. கப்பலைப் பதிவு செய்த நாட்டுக்கும் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு சரி.

என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையிட்டைப் போய்ச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்ப என்னத்தைச் செய்தனீங்கள்?"

6. கதிரை

நெல்லியடியில் ஒரு தனியார் கடல்தொழில் பயிற்சி நிலையம் இருக்கிறது. எரிபொருள் விதிகள் படிப்பிக்க ஒருவரைத் தேடினார்கள். நேர்முகப் பரீட்சையில் துறை தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மேசைக்கு இந்தப் பக்கம் அவர், பக்கத்துக் கதிரையில் நான்.

மூன்றாவது விண்ணப்பம் ஜெயசீலனுடையது. 'கடைசிக் கப்பலை விட்ட காரணம்' என்ற இடத்தில், 'எரிபொருள் மாற்றம் எண்பத்தெட்டு நிமிடம் பிந்தியது' என்று எழுதியிருந்தார். யாருடைய பெயரும் இல்லை.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "விதியைப் படிப்பிக்க ஆள் கேட்டால் விதியை மீறினவரெல்லோ வந்திருக்கிறார். உவரை உள்ளுக்குக் கூப்பிடத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

தேவையில்லை என்று ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். அவரைக் கூப்பிட்டு, நல்ல பிள்ளை, எனக்குத் தெரியும் என்று சிபாரிசும் செய்திருக்கலாம். இரண்டாவதைத்தான் முதலில் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"அது நான் செய்தது" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். கலண்டர், பலகை, பத்து முப்பத்தைந்து எல்லாம். அதிபர் கண்ணாடியைத் துடைத்தபடி முழுவதையும் சொல்லவிட்டார். அவர் பள்ளிக்கூடம் நடத்தியவர். கடைசியில் கேட்டார்.

"நீங்கள் இப்ப மேசைக்கு எந்தப் பக்கம் இருக்கிறியள் எண்டு தெரியுதோ?"

எழும்பி மற்றப் பக்கக் கதிரையில் போய் இருந்தேன். ஒரு கடதாசியும் பேனையும் தள்ளிவிட்டார். "சொன்னதை எழுதுங்கோ. திகதி போடுங்கோ. நேரமும் போடுங்கோ, சரியான நேரம்."

அன்றைய நேர்முகப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. வெளியே மர வாங்கில் ஜெயசீலன் இருந்தார். வெள்ளைச் சேட்டு, பழைய சான்றிதழ் கோப்பு. கதவு திறந்துதான் கிடந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"தம்பி" என்றேன்.

"ஏன் அண்ணை இண்டைக்குச் சொன்னனீங்கள்?" அவருக்குக் கோபம். "அந்தக் கேள்விக்கு என்ன சொல்லுறதெண்டு மூண்டு நாளாப் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். பரீட்சையையும் குழப்பிப்போட்டியள்."

"கப்பலிலை நீர் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் கொஞ்ச நேரம் கோப்பின் நூலை அவிழ்த்துக் கட்டினார்.

"என்னத்தைச் சொல்லுறது? சோதிக்க வந்த பிள்ளையிட்டை, எங்கடை சீஃப் ராகுகாலம் பாத்தவர் எண்டோ? அவளுக்கு அது என்னெண்டு விளங்கப்படுத்தி, கப்டன் சிரிச்சு, பிலிப்பைன்ஸ்காரங்களும் சிரிச்சு... எங்கடை ஆக்கள் எல்லாருக்குமெல்லோ வெட்கம். போதாததுக்கு வேதக்காரன் நக்கலடிக்கிறான் எண்டு நீங்களும் நினைப்பியள்." பிறகு சொன்னார்: "நீங்கள் வாய் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அண்ணை. அதுதான் நான் விட்ட பிழை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோப்பை எடுத்துக்கொண்டு எழும்பினார். படியிறங்கும்போது திரும்பினார்.

"இன்னொண்டு. கப்பலிலை பத்து முப்பத்தைஞ்சு எண்டால் யாழ்ப்பாணத்திலை பின்னேரம் நாலு மணி. ஊர்க் கலண்டரின்படி ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுது. அண்டைக்கே சொல்ல நினைச்சனான். நீங்கள் கேக்கிற நிலையிலை இருக்கேல்லை."

7. திங்கட்கிழமை

அதன் பிறகு நடந்தது இது. பயிற்சி நிலையம் என்னைத் தேர்வுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டது. சரியான முடிவு. ஜெயசீலனுக்கு வேலை கிடைத்தது, தற்காலிகமாக. நான் அன்று எழுதிக் கொடுத்ததைப் பிரதி எடுத்து ஒரு கப்பல் கொம்பனிக்கும் அனுப்பிப் பார்த்தார். வயது கூடிவிட்டது என்று பதில் வந்தது. அவர் சீஃப் எஞ்சினியராகக் கடலுக்குப் போகவில்லை. இனிப் போகவும் மாட்டார். நான் எழுதிய எந்தக் கடிதமும் அதை மாற்றவில்லை.

ஊரில் கதை பரவியது. என்னைப் பஞ்சாங்கச் சீஃப் என்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால், "சீஃப், இப்ப வெளிக்கிடலாமோ?" என்று கண்டக்டர் கேட்கிறார்.

சில மாதம் கழித்து ஜெயசீலன் வட்ஸ்அப்பில் ஒரு நேர அட்டவணை அனுப்பினார். 'திங்கள் 7.30 – 9.00. எரிபொருள் மாற்றப் பதிவு: உண்மைச் சம்பவம்.' எதிரே என் பெயர். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். அவரை அழைத்தேன்.

"தம்பி, ஒன்பது மணிக்குப் பிறகு வைக்கேலாதோ?"

"ஏலாது அண்ணை" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பது அவரவர் விருப்பம். லொக் புத்தகத்தில் எழுத வேண்டியது நடந்த நேரம். அதைப் பொய்யாக எழுதினால், அந்த இடைவெளியை நிரப்ப ஒரு மனிதனைப் பிடித்து அதற்குள் தள்ள வேண்டி வரும்.

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கே நெல்லியடியில் இறங்கி, ஏழரைக்குப் பயிற்சி நிலைய வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே போகவில்லை. வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு தொலைபேசிக் கடையின் கூரைக்குக் கீழ் நின்றேன். மழை பெய்யவில்லை. பிறகு வீதியைக் கடந்தேன்.

காவலாளி வருகைப் புத்தகத்தைத் தந்தார். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதைக் கண்டு, "ஏழரை எண்டு போடுங்கோ ஐயா. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை" என்றார்.

7.42 என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வகுப்பறைப் பலகையில் வெப்பநிலைக் கோடு பெரிதாகக் கீறியிருந்தது. நூற்று முப்பதில் நீளமாக ஓடி, பிறகு இறங்கும் கோடு. ஜெயசீலன் வாசலுக்கு வந்து, காவலாளி கொண்டுவந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"எண்பத்தெட்டிலையிருந்து பன்னிரண்டு" என்றார். "முன்னேற்றந்தான் அண்ணை. உள்ளுக்கு வாங்கோ."